எரிக்கும் உத்தரவு: இலங்கையின் கொவிட் மரணங்களும் ஓர் அரசின் கொள்கையும், 2020–2024

## எதைப் பற்றிய பதிவு

2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி இறுதி வரை, இலங்கையில் கொவிட் தொற்றோடு இறந்தவர்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. இறந்தவர் என்ன மதம், குடும்பத்தின் விருப்பம் என்ன என்பதெல்லாம் கணக்கில் எடுக்கப்படவில்லை. பெரிய அடி விழுந்தது முஸ்லிம்களுக்கு. குளிப்பாட்டி, கபன் எனும் வெள்ளைத் துணி சுற்றி, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை நடத்தி மண்ணில் அடக்குவது அவர்களுக்கு மார்க்கக் கடமை. உடலை எரிப்பது அவர்கள் மார்க்கத்தில் தடுக்கப்பட்ட காரியம். கிறிஸ்தவர்கள் பலரும், அடக்கம் செய்யும் வழக்கமுள்ள பௌத்த, இந்துக் குடும்பங்களும்கூட இந்த உத்தரவுக்குள் சிக்கினார்கள்.

உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தது. நாட்டின் வைத்திய அமைப்புகளும் பின்னர் அதையே சொல்லின. அப்படியிருந்தும் உத்தரவு பதினொரு மாதம் நின்றது. ஒரு தலைமையின் அரசியல் கொள்கை சுகாதார முடிவுக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது, எப்படி உள்ளேயே தங்கியது, எது அதை வெளியேற்றியது என்று பார்ப்பதற்காகவே இந்தப் பதிவு. குடும்பங்கள், வைத்தியர்கள், நிபுணர்கள் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பகிரங்கப் பதவியிலிருந்து முடிவெடுத்த, முடிவை அறிவித்த தலைவர்களின் பெயர்கள் மட்டும் வருகின்றன.

## பின்னணி

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செய்தது ஒரு சிறு தீவிரவாதக் கும்பல். பழி விழுந்தது ஒரு சமூகத்தின் தலையில். மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முகத்திரை, ஹலால், மத்ரஸா, முஸ்லிம் விவாகச் சட்டம் என்று எல்லாமே தேர்தல் மேடைப் பேச்சானது.

அந்தச் சூழலில்தான் கோட்டாபய ராஜபக்ஷ ‘பாதுகாப்பு’ என்ற வாக்குறுதியோடு ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். 2019 நவம்பர் 16 தேர்தலில் 52.25 சதவீத வாக்குகள் பெற்றார். பதவிப் பிரமாணம் செய்ய அவர் தேர்ந்தெடுத்த இடம் அநுராதபுரத்தின் ருவன்வெலிசாய என்ற பௌத்தத் தாதுகோபம். சிங்கள மக்களின் வாக்குகளாலேயே தம்மால் வெல்ல முடியும் என்று முன்பே தெரிந்திருந்தது. தமிழரையும் முஸ்லிம்களையும் இந்த வெற்றியில் பங்காளிகளாகும்படி கேட்டும் எதிர்பார்த்த அளவு பலன் கிடைக்கவில்லை என்று அங்கே பேசினார். அவர் அமைத்த முதல் அமைச்சரவையில் ஒரு முஸ்லிம்கூட இருக்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். 2020 மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஏப்ரல் 25 நடக்கவிருந்த தேர்தல் தொற்றால் இரண்டு முறை தள்ளிப்போய் ஓகஸ்ட் 5இல்தான் நடந்தது. அதாவது, எரிக்கும் உத்தரவு பிறந்தபோது அதைக் கேள்வி கேட்க ஒரு சபை இல்லை. முஸ்லிம் குடும்பங்களின் நிலையை உள்ளிருந்து சொல்ல அமைச்சரவையில் ஆளும் இல்லை.

## 2020 மார்ச்–ஏப்ரல்: வழிகாட்டி மாறிய விதம்

உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24 அன்று, கொவிட் மரணங்களில் உடலைக் கையாள்வது பற்றி ஓர் இடைக்கால வழிகாட்டியை வெளியிட்டது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்பது அதன் சாரம். தொற்றுநோயால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்பது பரவலான தவறான நம்பிக்கை, எரிப்பது பண்பாட்டையும் வசதியையும் பொறுத்த தெரிவு என்று அந்த வழிகாட்டியே எடுத்துச் சொன்னது. மூன்று நாள் கழித்து, மார்ச் 27 திகதியிட்டு, இலங்கைச் சுகாதார அமைச்சும் தன் வழிகாட்டியில் இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

மார்ச் 28 அன்று நாட்டின் முதல் கொவிட் மரணம். மார்ச் 30 அன்று இரண்டாவது. இரண்டாவதாக இறந்தவர் நீர்கொழும்பைச் சேர்ந்த ஒரு முஸ்லிம். அவர் உடல் எரிக்கப்பட்டது. அமைச்சின் வழிகாட்டியில் அடக்கத்துக்கு இடம் இருந்தபோதே இது நடந்தது. மறுநாள், மார்ச் 31, வழிகாட்டி திருத்தப்பட்டது. ‘எரித்தல்’ மட்டும் மிஞ்சியது. ஏப்ரல் 11 அன்று தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதிவிசேட வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) வந்தது. உடல் 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை எரிக்கப்பட வேண்டும் என்பது விதி.

திகதிகளை வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மார்ச் 27க்கும் 31க்கும் நடுவில் வைரஸைப் பற்றி உலகில் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. நடந்தது ஒரு முஸ்லிமின் மரணம். அதே நாட்களில் அக்குறணை, அட்டுலுகம ஆகிய முஸ்லிம் ஊர்கள் முடக்கப்பட்டிருந்தன. தொற்றை முஸ்லிம்கள்தான் பரப்புகிறார்கள் என்ற பேச்சு தொலைக்காட்சியிலும் முகநூலிலும் ஓடிக்கொண்டிருந்தது. திருத்தத்துக்கு அந்தப் பேச்சுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை. ஆனால் திருத்தத்துக்கான அறிவியல் காரணத்தை விளக்கும் அறிக்கை எதையும் அரசு அப்போது மக்கள் முன் வைக்கவில்லை.

## நிலத்தடி நீர் என்ற வாதம்

சிறிது காலத்தில் காரணம் ஒன்று முன்வைக்கப்பட்டது. இலங்கையில் பல இடங்களில் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்தது; புதைத்த உடலிலிருந்து வைரஸ் நீரில் கலக்கலாம் என்பதே அது. கேட்பவருக்கு நியாயமாகத்தான் படும். கிணற்று நீர் குடிக்கும் நாடு இது.

வாதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாலே அது ஆடத் தொடங்குகிறது. கொவிட் சுவாசம் வழியாகப் பரவும் நோய். வைரஸ் பெருக உயிருள்ள செல் வேண்டும். ஆள் இறந்தபின் அது பெருகாது, குறையும். 2003இன் சார்ஸ் வைரஸை ஆராய்ந்த, ஹொங்கொங்கில் பணிபுரியும் இலங்கைப் பேராசிரியர் ஒருவர், இது நீரால் பரவும் நோய் இல்லை என்றும், நீர் புகாத உறையில் சுற்றி ஆறடி ஆழத்தில் புதைத்த உடலிலிருந்து ஓடும் நீர் மாசுபட வாய்ப்பு மிகக் குறைவு என்றும் வெளிப்படையாகச் சொன்னார். இன்னும் எளிய கேள்வி ஒன்று உண்டு. உயிரோடிருந்த தொற்றாளர்கள் நூற்றுக்கணக்கில் வைத்தியசாலைகளிலும் தனிமைப்படுத்தல் நிலையங்களிலும் வீடுகளிலும் இருந்தார்கள். அவர்களின் கழிவு எங்கே போனது? மலசலகூடக் குழிக்குத்தான். அதே மண், அதே நிலத்தடி நீர். அதைப் பற்றி வர்த்தமானி வரவில்லை.

2004 டிசம்பர் சுனாமியில் இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கரையோரம் முழுக்கக் கூட்டுப் புதைகுழிகள் தோண்டப்பட்டன. மண்ணைப் பற்றியும் நீரைப் பற்றியும் இந்த நாட்டுக்கு அனுபவம் இல்லாமல் இல்லை.

## அதே வாரத்தில் மும்பையில்

அந்த நாட்களின் அச்சத்தை அலட்சியப்படுத்தி எழுதுவது தவறு. 2020 மார்ச்சில் எல்லா நாட்டு அதிகாரிகளும் பயந்துபோய்த்தான் இருந்தார்கள். சீனா அந்தப் பெப்ரவரியிலேயே உடல்களை உடனே எரிக்கச் சொல்லியிருந்தது. மும்பை மாநகராட்சியும் மார்ச் 30 அன்று, மதம் எதுவானாலும் கொவிட் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. இலங்கையில் இரண்டாவது மரணம் நிகழ்ந்த அதே நாள்.

மும்பையில் என்ன நடந்தது? மாநில அமைச்சர் ஒருவர் தலையிட்டார். சுற்றறிக்கை அன்றைக்கே மாற்றப்பட்டது. இட வசதியுள்ள மையவாடிகளில் (முஸ்லிம் அடக்க இடங்களில்) அடக்கம் செய்ய வழி விடப்பட்டது. பாந்த்ராப் பகுதியில் அடக்கத்தை எதிர்த்துச் சிலர் வழக்குப் போட்டபோது, உடலிலிருந்து தொற்று பரவும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் காரணம் எழுதித் தள்ளுபடி செய்தது.

அதே பயம், அதே வாரம், ஏறக்குறைய அதே உத்தரவு. ஓரிடத்தில் சில மணி நேரத்தில் திருத்தம், மற்ற இடத்தில் பதினொரு மாதம். அச்சம் ஓர் உத்தரவைப் பிறப்பிக்கலாம். பிழையென்று தெரிந்த பின்னும் அது நீடிப்பதற்கு வேறு ஏதோ வேண்டும். இந்த ஆய்வின் மையம் அந்த ‘வேறு ஏதோ’தான்.

## முதல் அலை: வெற்றி தந்த துணிச்சல்

மார்ச் 20 மாலை தொடங்கி நாடு முழுக்க ஊரடங்கு. கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையம் இராணுவத் தளபதியின் தலைமையில் இயங்கியது. தொற்றாளரின் தொடர்புகளைத் தேடியதில் புலனாய்வுத் துறைக்கும் பங்கு இருந்தது. தனிமைப்படுத்தல் நிலையங்களைப் படையினர் நடத்தினார்கள். தொற்று கட்டுக்குள் வந்தது: 2020 ஒக்டோபர் தொடக்கத்தில் நாட்டின் மொத்தக் கொவிட் மரணங்கள் 13தான்.

இது உண்மையான சாதனை. பல பணக்கார நாடுகள் தடுமாறிய நேரத்தில் வலுவான பொதுச் சுகாதாரக் கட்டமைப்பும் கட்டளைக்குப் பணியும் நிர்வாகமும் சேர்ந்து உயிர்களைக் காத்தன. பாதுகாப்பை எல்லாவற்றுக்கும் மேலே வைத்த அதே அரசியல் பார்வைதான் இந்த வேகத்தையும் தந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த வெற்றி, கேள்விகளைத் தேவையற்றவையாகக் காட்டிவிட்டது. மே மாத தொடக்கத்தில் கொழும்பின் முகத்துவாரம் பகுதியைச் சேர்ந்த 44 வயது முஸ்லிம் பெண் ஒருவர் இறந்தார். கொவிட் என்று சொல்லி உடலை எரித்தார்கள். சோதனை முடிவு பிழை என்று பிற்பாடு அறிந்ததாக அந்தக் குடும்பம் சொன்னது. தாயின் உடலை எரிக்கச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தது அவருடைய மகன். தேர்தல் சுறுசுறுப்பில் இந்தச் செய்தி பத்திரிகையில் ஓரிடத்தில் வந்து போனது. ஓகஸ்ட் தேர்தலில் ஆளும் கட்சிக்கு 145 ஆசனங்கள் கிடைத்தன.

## 2020 ஒக்டோபர்–டிசம்பர்: கையெழுத்துப் போடாத குடும்பங்கள்

ஒக்டோபர் முதல் வாரத்தில் மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலும், பிறகு பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெடித்தது. கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளில் மரணங்கள் ஏறின. அங்கே முஸ்லிம்கள் அதிகம். இதற்கு நடுவே ஒக்டோபர் 22 அன்று ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பெருக்கும் 20ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 156 வாக்குகளோடு நிறைவேறியது. எதிரணியிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் ஆதரித்து வாக்களித்தார்கள். அதன் பலனாக ஜனாஸா விடயத்தில் அரசு இறங்கி வரும் என்ற எதிர்பார்ப்பு சமூகத்தில் இருந்தது. இறங்கி வரவில்லை.

குடும்பங்களிடம் அப்போது இருந்த ஒரே ஆயுதம் மறுப்பு. ‘உடலைப் பொறுப்பேற்க மாட்டோம், தகனத்துக்குச் சம்மதிக்க மாட்டோம்’ என்று கையெழுத்துப் போடாமல் விட்டார்கள். கொழும்பில் பிரேத அறையில் உடல்கள் தேங்கின. உரிமை கோரப்படாத உடல்களைக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமலேயே எரிக்கலாம் என்று டிசம்பரில் சட்டமா அதிபர் ஆலோசனை வழங்கினார். சொந்தக்காரர் வாசலில் நிற்கும் உடலுக்கு ‘உரிமை கோரப்படாதது’ என்று பெயர் வந்தது.

நீதிமன்றத்தை நம்பியவர்களும் இருந்தார்கள். முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் சிவில் சமூகத்தவரும் தாக்கல் செய்த 11 அடிப்படை உரிமை மனுக்கள் உயர் நீதிமன்றத்தில் இருந்தன. டிசம்பர் 1 அன்று, விசாரணைக்கு எடுக்க அனுமதி மறுத்து, பெரும்பான்மைத் தீர்மானத்தால் அவை தள்ளுபடியாயின. காரணம் அறிவிக்கப்படவில்லை.

## பொரளை

டிசம்பர் முதல் வாரத்தின் இறுதியில், மூச்சுத் திணறலோடு ஒரு கைக்குழந்தை கொழும்பு வைத்தியசாலை ஒன்றில் சேர்க்கப்பட்டது. பிறந்து 20 நாள். குழந்தைக்குத் தொற்று என்று சோதனை காட்டியது. தாய்க்கும் தகப்பனுக்கும் எடுத்த சோதனையில் தொற்று இல்லை. அடுத்த நாள் குழந்தை இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். தகப்பனிடம் தகனத்துக்கான தாளை நீட்டினார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை. டிசம்பர் 9 அன்று கொழும்பின் பொரளை மயானத்தில் குழந்தை எரிக்கப்பட்டது. தகப்பன் மயானம் வரை போனார், எரியும் இடத்துக்குள் போகவில்லை.

இந்தச் செய்தி பரவிய இரண்டு மூன்று நாளில் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிக் கீற்றுகள் தோன்றின. யாரும் கூட்டம் கூட்டவில்லை, கோஷம் போடவில்லை. வந்தவர்கள் ஒரு முழத் துணியைக் கம்பியில் முடிந்துவிட்டுப் போனார்கள். கபன் துணி கிடைக்காத பிள்ளைக்கான துணி என்பது பார்த்தவர்கள் எல்லோருக்கும் விளங்கியது. சிங்களவர்களும் தமிழர்களும் வந்து முடிந்தார்கள், பாதிரிமார் வந்தார்கள். இரவோடு இரவாக யாரோ அவற்றை அறுத்து அகற்றினார்கள். மறுநாள் திரும்பவும் கட்டப்பட்டன. பிறகு வீட்டு வாசல்களிலும் மற்ற ஊர்களிலும் வெள்ளைத் துணி ஏறியது.

அதே டிசம்பர் நடுப்பகுதியில் மாலைதீவிலிருந்து ஓர் அறிவிப்பு: இலங்கை ஜனாதிபதி கேட்டுக்கொண்டதற்கிணங்க, இலங்கை முஸ்லிம்களின் உடல்களை மாலைதீவில் அடக்கம் செய்வது பற்றி ஆலோசிக்கிறோம் என்று. பிறந்த நாட்டில் ஆறடி மண் இல்லை என்பதை எந்தக் குடும்பம் ஏற்கும்? யோசனை கைவிடப்பட்டது. ஆனால் இந்த யோசனை ஓர் உண்மையை வெளியே கொண்டுவந்தது. மாலைதீவு பவளத் தீவுகளின் கூட்டம். நிலத்தடி நீர் அங்கே மிக ஆழம் குறைந்தது. நீர் மாசுபடும் என்பது உண்மையான கவலையாக இருந்திருந்தால், அந்தத் தீவுகளுக்கு உடலை அனுப்பும் யோசனை எழுந்தேயிருக்கக் கூடாது.

## இரண்டு குழுக்கள், ஒரு முடிவு

எரித்தல் மட்டுமே என்று பரிந்துரைத்த நிபுணர் குழு ஒன்று ஏற்கெனவே இருந்தது. டிசம்பர் இறுதியில் அரசு இன்னொரு நிபுணர் குழுவிடம் கருத்துக் கேட்டது. வைரஸ், நுண்ணுயிர், நோய் எதிர்ப்பியல் ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். உரிய பாதுகாப்போடு புதைக்கவும் எரிக்கவும் இடம் கொடுக்கலாம் என்பது அவர்களின் பரிந்துரை. அதே நாட்களில் சமுதாய வைத்தியர் கல்லூரியும், 2021 ஜனவரி தொடக்கத்தில் இலங்கை வைத்தியச் சங்கமும் அடக்கம் செய்வதில் ஆபத்தில்லை என்று அறிவித்தன.

2021 ஜனவரி 7 அன்று சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பாராளுமன்றத்தில், முதல் குழுவின் பரிந்துரையே தொடரும் என்றார். நிபுணர் சொன்னால் கேட்போம் என்று பத்து மாதமாகச் சொல்லிவந்த அரசு, நிபுணர்கள் சொன்னபோது எந்த நிபுணர் என்று பார்த்தது.

இதே அமைச்சர் 2020 நவம்பரில், தொற்று நீங்குவதற்காக ஓதிய நீர்க் குடங்களை ஆற்றில் விட்டார். தெய்வம் சொன்னதென்று கேகாலைப் பக்கம் ஒருவர் தயாரித்த ‘கொவிட் பாணி’ என்ற இனிப்பு மருந்தையும் டிசம்பரில் இவர் பகிரங்கமாக அருந்தினார். ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. நோய் யாருக்கும் வரும், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு முடிவுகளுக்கும் பயன்பட்ட அளவுகோலை ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும். பாணிக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. பெரும்பான்மையினரின் நம்பிக்கையோடு அது ஒட்டியிருந்ததால் கதவு தானாகத் திறந்தது. அடக்கத்துக்கோ உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும், நாட்டின் வைத்தியச் சங்கமும், இரண்டாவது குழுவும் சேர்ந்தும் போதவில்லை. ‘ஆபத்து அறவே இல்லை’ என்று நிரூபிக்கும்படி கேட்கப்பட்டது. எந்த அறிவியலாலும் தரமுடியாத நிரூபணம் அது.

கொள்கை நுழைந்த வாசல் இதுதான் என்பது என் முடிவு. ‘முஸ்லிம்களைத் தண்டிக்கிறோம்’ என்று எந்தக் கோப்பிலும் யாரும் எழுதியிருக்கத் தேவையில்லை. யாரிடம் எவ்வளவு ஆதாரம் கேட்பது என்ற இடத்தில் சாய்வு இருந்தால் போதும். மற்றதெல்லாம் நடைமுறைப்படி, கையொப்பத்தோடு, ஒழுங்காக நடந்துவிடும். அடக்கத்தை அனுமதிக்கக் கூடாது என்று பிக்குகள் சிலர் வீதிக்கு இறங்கியபோது, அந்தச் சாய்வை நிமிர்த்துவது அரசுக்கு அரசியல் நட்டமாகவும் ஆகிவிட்டது.

## முடிவு எப்படி மாறியது

2021 ஜனவரி 25 அன்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்கள் கூட்டாகக் கட்டாய தகனத்தை நிறுத்தும்படி கேட்டார்கள். ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடவிருந்தது; இலங்கைக்கு எதிரான தீர்மானம் தயாராகிக்கொண்டிருந்தது. பேரவையில் முஸ்லிம் நாடுகளின் வாக்குகள் கொழும்புக்குத் தேவைப்பட்டன.

பெப்ரவரி 10 அன்று பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்தில் அடக்கத்துக்கு அனுமதி அளிக்கப்படும் என்றார். பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் உடனே வரவேற்றார். அடுத்த நாளே இராஜாங்க அமைச்சர் ஒருவர், முடிவு நிபுணர் குழுவின் கையில்தான் என்று பின்வாங்கினார். பெப்ரவரி 23, 24 தினங்களில் இம்ரான் கான் கொழும்பில் இருந்தார். பெப்ரவரி 25 அன்று வர்த்தமானி திருத்தப்பட்டது. பதினொரு மாதமாக நகராதது, விருந்தாளி விமானம் ஏறிய மறுநாள் நகர்ந்தது.

மார்ச் 23 அன்று பேரவையில் இலங்கை பற்றிய 46/1 தீர்மானம் 22 வாக்குகளால் நிறைவேறியது. 11 நாடுகள் எதிர்த்தன, 14 நாடுகள் வாக்களிக்கவில்லை. பாகிஸ்தானும் பங்களாதேஷும் இலங்கையின் பக்கம் நின்றன. கட்டாய தகனம் பற்றிய கவலை தீர்மானத்தின் வாசகத்திலேயே இருந்தது.

அடக்கம் அனுமதிக்கப்பட்டது நல்லதுதான். ஆனால் ஆதாரத்தைப் பார்த்து அது அனுமதிக்கப்படவில்லை. 2020 மார்ச் 24 அன்று தெரிந்திருந்ததுதான் 2021 பெப்ரவரியிலும் தெரிந்திருந்தது. உள்நாட்டில் மனு எழுதியவர்கள், துணி கட்டியவர்கள், அறிக்கை தந்த வைத்தியர்கள் யாருக்கும் அசையாத அரசு வெளிநாட்டு வாக்குக் கணக்குக்கு அசைந்தது. இந்த நாட்டுப் பிரசைகளுக்கு அது சொன்ன செய்தி கசப்பானது.

## இரணைதீவிலிருந்து ஓட்டமாவடிக்கு

அனுமதி வந்தபின்னும் ஊர் மையவாடியில் அடக்க முடியவில்லை. மார்ச் முதல் வாரத்தில் அரசு தெரிவு செய்த இடம் இரணைதீவு: வடக்கில் பூநகரிக்கு அப்பால் பாக்கு விரிகுடாவில் கிடக்கும் தீவு. அங்கே இருப்பவர்கள் தமிழ்க் கத்தோலிக்க மீனவர்கள். 1992இல் இடம்பெயர்ந்து, கடற்படையிடமிருந்த மண்ணுக்குப் போராடி 2018இல் திரும்பியவர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. குழி தோண்டத் தொடங்கியதும் அவர்கள் எதிர்ப்பில் இறங்கினார்கள். ஒரு சிறுபான்மையின் துயரத்தை இன்னொரு சிறுபான்மையின் வாசலில் இறக்கி வைத்த முடிவு அது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவே புதிதாக ஒரு காயம் உண்டாகியிருக்கலாம். இரண்டு பக்கத்திலும் பெரியவர்கள் நிதானமாகப் பேசியதால் அது தவிர்ந்தது.

பிறகு மட்டக்களப்பு மாவட்டம், ஓட்டமாவடிப் பிரதேசத்தில் மஜ்மா நகர். 2021 மார்ச் 5 அன்று அங்கே முதல் அடக்கம். கொழும்பிலிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். இராணுவ மேற்பார்வையில், குடும்பத்தில் ஓரிருவர் மட்டும் நிற்க, ஒரு வருடம் அப்படியே நடந்தது. 2022 மார்ச்சில்தான் மற்ற மையவாடிகளுக்கும் அனுமதி வந்தது.

அதுவரை அங்கே அடக்கப்பட்டவர்கள் 3,634 பேர். முஸ்லிம்கள் 2,992, பௌத்தர்கள் 287, இந்துக்கள் 270, கிறிஸ்தவர்கள் 85. இந்த எண்களை நான் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். 287 பௌத்தக் குடும்பங்கள் தங்கள் உறவை முஸ்லிம் ஊரொன்றின் மண்ணுக்குக் கொண்டுவர நெடுந்தூரம் பயணப்பட்டிருக்கின்றன. யார் பெயரால் அடக்கம் மறுக்கப்பட்டதோ அவர்களிலும் அடக்கத்தை விரும்பியவர்கள் இருந்தார்கள். அவர்களையும் யாரும் கேட்கவில்லை.

## பின்விளைவு

2022 ஜூலையில் பொருளாதார நெருக்கடியும் மக்கள் எழுச்சியும் கோட்டாபய ராஜபக்ஷவைப் பதவி விலக வைத்தன. 2024 ஜூலையில், ரணில் விக்ரமசிங்கவின் அமைச்சரவை, கட்டாய தகனத்துக்காகப் பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. நீர் நிலைகளில் வைரஸ் பரவல் பற்றி உள்நாட்டில் நடந்த ஆய்வுகள் அடக்கத்தால் ஆபத்து என்ற வாதத்துக்கு இடமளிக்கவில்லை என்பது அந்த அமைச்சரவைப் பத்திரத்தின் அடிப்படை. எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் எண்ணிக்கை 276 என்று அப்போது சொல்லப்பட்டது. இறுதிக் கிரியை எப்படி என்பதைத் தீர்மானிக்கும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவரவும் அதே முடிவில் யோசனை இருந்தது.

மன்னிப்பு வந்ததை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஓர் அரசு ‘தவறு’ என்று ஒப்புவது இங்கே அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் உத்தரவு பிறந்த இடத்தில் யார் என்ன பரிந்துரைத்தார், எந்த ஆவணத்தின் மேல் என்ற கேள்விக்கு அந்த மன்னிப்புக்குள் விடை இல்லை.

## வேறு விதமாக நடந்திருக்க வேண்டியவை

நிபுணர் குழு ஒரு சமூகத்தின் இறுதிக் கடனையே தடுக்கும் பரிந்துரையைத் தருகிறது என்றால், அந்த அறிக்கை முழுதாக மூன்று மொழிகளிலும் அதே வாரம் வெளிவர வேண்டும். உறுப்பினர் யார், துறை என்ன, மாற்றுக் கருத்து இருந்ததா என்பதும் அதில் இருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் இது நடந்திருந்தால், நிலத்தடி நீர் வாதத்தை நாட்டின் வைரஸ் நிபுணர்கள் அந்த மாதமே பிரித்துப் போட்டிருப்பார்கள். குழுவில் நோயை அறிந்தவர்களோடு, பாதிக்கப்படும் சமூகத்தின் வைத்தியரும் உட்கார்ந்திருந்தால், குளிப்பாட்டாமல், உறையைத் திறக்காமல், ஆழக் குழியில், இருவர் மட்டும் நின்று அடக்கும் வழி முதல் வாரத்திலேயே மேசைக்கு வந்திருக்கும். முஸ்லிம் அமைப்புகள் அந்தக் கட்டுப்பாடுகளுக்குத் தொடக்கத்திலிருந்தே இணங்கத் தயாராக இருந்தன.

நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். பம்பாயில் எழுதினார்கள், அதனால் தோற்றவர்களும் எதனால் தோற்றோம் என்று அறிந்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காலவரை. தொற்றுக் காலத்தில் ஓர் அரசு அவசரமாக ஒரு தடையைப் போடலாம், பிழையான தடையையும் போட நேரலாம். அந்தத் தடை 30 நாளில் தானாகக் காலாவதியாக வேண்டும். நீட்டிக்க விரும்பினால் புதிய ஆதாரத்தோடு அரசுதான் வரவேண்டும். ஏப்ரல் 11 வர்த்தமானியில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், அந்தக் குழந்தை எரிக்கப்பட்ட டிசம்பர் 9க்குள் அதை ஏழெட்டு முறை நீட்டிக்க வேண்டியிருந்திருக்கும். ஒவ்வொரு முறையும் யாரோ ஓர் அமைச்சர் எழுந்து நின்று ஏன் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும்.